சுவரின் கீறலும் முன்பணத்தின் கணக்கும்

சாமான்களையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டுக் குடித்தனக்காரர் சாவியோடு வந்து நிற்கும்போது, அதுவரையில் வருஷக்கணக்காக யாருடைய கண்ணையும் உறுத்தாமல் கிடந்த சுவர்கள் திடீரென்று பெரும் முக்கியத்துவம் பெற்றுவிடுகின்றன. காலண்டர் மாட்டிய ஆணியின் துளை, நாற்காலியின் முதுகு உராய்ந்து மங்கிய இடம், குழந்தை கலர் பென்சிலால் ஓட்டிய ரயில்வண்டி, அடுப்புக்கு மேலே எண்ணெய்ப் புகை படிந்த மஞ்சள் கறை ஆகிய ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்காரர் ஒரு விலை சொல்ல, பத்து மாத வாடகையாகக் கொடுத்து வைத்திருந்த அட்வான்ஸ் தொகை, கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதற்குள் கால்வாசி கரைந்துவிடுகிறது. சண்டை போட மனமில்லாதவர்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போகிறார்கள். மற்றவர்கள் இரண்டு வார்த்தை கோபமாகப் பேசிவிட்டு, பிறகு அதே தொகையைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இவ்விஷயத்தில் முதலாவதாக மனத்தில் இருத்த வேண்டியது, முன்பணம் வீட்டுக்காரருடைய வருமானமன்று என்பது. வாடகை பாக்கிக்கும், குடியிருப்பவரால் நேர்ந்த நஷ்டத்துக்கும் ஈடாக அவர் வசம் ஒப்படைக்கப்பட்டிருக்கும் தொகை அது. உரிமையாளர் அதில் கைவைக்க வேண்டுமானால், நஷ்டம் உண்டென்பதையும், அது குடியிருப்பவரால்தான் உண்டாயிற்று என்பதையும், இன்ன அளவு என்பதையும் எடுத்துக்காட்டும் பொறுப்பு நியாயப்படி அவரையே சாரும்.

எது நஷ்டம், எது நஷ்டமன்று என்பதற்கான அளவுகோல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவே, குத்தகைக்கு எடுத்தவர் சொத்தை எந்த ஸ்திதியில் பெற்றுக்கொண்டாரோ அதே நல்ல ஸ்திதியில் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்று சொல்லிவிட்டு, நியாயமான உபயோகத்தால் ஏற்படும் தேய்மானத்தையும், மனித சக்தியால் தடுக்க முடியாத விபத்துக்களால் நேரும் மாறுதலையும் அந்தக் கடமையிலிருந்து விலக்கிவிடுகிறது. ஆகவே 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தாழ்வான பகுதிகளில் சுவரில் இடுப்பளவுக்குத் தண்ணீர் கோடு கிழித்துவிட்டுப் போனதற்கும், ஐந்து வருஷத்து வெயிலில் ஜன்னலோரத்து வர்ணம் வெளுத்துப்போனதற்கும் குடித்தனக்காரரை விலை கேட்பது பொருந்தாது. காலம் செய்தது வீட்டுக்காரர் கணக்கு, கை செய்தது குடித்தனக்காரர் கணக்கு என்பதே இச்சட்டத்தின் சாரம்.

இந்த எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை என்பதும் உண்மையே. படமும் கடிகாரமும் மாட்ட அடித்த நாலைந்து ஆணிகள் சாதாரண உபயோகம் என்றே நான் கருதுகிறேன். கொஞ்சம் பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, ஒரு கை வர்ணம் பூசினால் மறைந்துவிடுகிற துளைக்கு ஆயிரக்கணக்கில் பிடிப்பது அநியாயம். ஆனால் அனுமதி பெறாமல் டிரில் போட்டு அலமாரி பதித்ததும், ஏசி குழாய்க்காகச் சுவரை உடைத்ததும், இருபக்கப் பசைநாடாவைப் பிய்க்கும்போது பூச்சோடு பெயர்ந்து வந்ததும் அந்த வகையில் சேரா. குழந்தையின் கிறுக்கலும் நடைமுறையில் குடித்தனக்காரர் தலையில்தான் விழும்; அதைக் கழுவக்கூடிய எமல்ஷன் வர்ணமானால் துடைத்துவிடலாம், சுண்ணாம்பும் டிஸ்டெம்பருமானால் மேற்பூச்சு ஒன்றே வழி.

எல்லாவற்றிலும் அதிகமான அநீதி நடப்பது ஓதத்தின் பெயரால்தான். மாடிக் குளியலறையின் தளத்திலிருந்து கசியும் நீரோ, அஸ்திவாரத்திலிருந்து செங்கல் வழியாக மேலேறும் ஈரமோ சுவருக்குள் உப்புக்களைக் கரைத்துக்கொண்டு வந்து, மேற்பரப்பில் ஆவியாகும்போது அவற்றை வெள்ளைத் தூளாகப் பூக்கவிட்டுப் போகிறது. வர்ணம் கொப்புளித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. குடியிருந்தவர் ஈரத்துணி உலர்த்தியதாலும் ஜன்னலைத் திறக்காததாலுமே இவ்வாறாயிற்று என்று வீட்டுக்காரர்கள் வாதிப்பதுண்டு. காற்றோட்டக் குறைவு கறுப்புப் பூஞ்சணத்துக்குக் காரணமாகலாம். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை உப்புப் பூத்து உதிர்கிற பூச்சுக்கு அது காரணமாகாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பும் அப்படியே. அது கட்டடத்தின் அசைவைக் காட்டுமேயன்றி, உள்ளே வசித்தவரின் கைவரிசையைக் காட்டாது. இப்படிப்பட்டவற்றைக் கண்ட நாளிலேயே எழுத்தில் தெரிவித்துவிடுவது மிக அவசியம். தெரிவிக்காமல் இருந்துவிட்டால், சிறிய கசிவு பெரிதானதற்குக் குடியிருந்தவரின் மௌனமே காரணம் என்று சொல்ல இடமுண்டாகும்.

தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களைப் பொறுத்தவரை, 1960-ஆம் வருஷத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் வருஷத்துச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்றிருந்த காலத்திலேயே சென்னைவாசிகள் பத்து மாதம் கொடுத்து வந்தார்கள் என்பது நம்முடைய சட்டபக்திக்கு ஓர் அத்தாட்சி! புதிய சட்டம் மூன்று மாத வாடகையை உச்சவரம்பாக வைத்து, வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் என்ற வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கிகளைக் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும் அது விதிக்கிறது. மத்திய அரசின் 2021-ஆம் வருஷத்து மாதிரிச் சட்டத்தில் முன்பணத்தின் வரம்பு இரண்டு மாத வாடகை என்றிருப்பதைக் காட்டி வாதாடுகிறவர்கள், ஒரு மாநிலம் அதை ஏற்றுச் சட்டமாக்கினாலன்றி அங்கே அது செல்லாதென்பதை அறிய வேண்டும்.

பலர் படித்திராத பகுதி தமிழ்நாட்டின் 2017-ஆம் வருஷத்துச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை. குழாய் வாஷர், சுவிட்சு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி போன்ற சில்லறைப் பழுதுகளைக் குடியிருப்பவர் பொறுப்பில் விட்டிருக்கிற அது, சுவர்களுக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதையும் வீட்டுக்காரரின் பொறுப்பாக வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் கதை வேறு. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங் செலவுக்குப் பிடித்துக்கொள்ளலாம் என்ற ஷரத்து நம் ஊர்ப் பத்திரங்களில் சர்வ சாதாரணம், அதற்குச் சம்மதித்தவர் பின்னால் மறுப்பது கடினம். ஆனால் அந்த ஒரு மாதத்தை வாங்கிக்கொண்ட பின்பும் ஆணித் துளைக்குத் தனியாகக் கேட்பது, ஒரே சுவருக்கு இரண்டு முறை கூலி கேட்பதாகும். சுவரில் ஆணி அடித்தால் முன்பணத்தில் பாதி பறிமுதல் என்பது போன்ற ஷரத்தோ இன்னொரு ஜாதி; ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை குறித்திருந்தாலும், 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான நஷ்டஈடே கிடைக்கும்.

நஷ்டஈட்டை அளப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் அடித்த வர்ணத்தில் விழுந்த கீறலுக்குப் புது வர்ணத்தின் முழு விலையையும் கேட்கிறவர், எப்படியும் தாம் செய்தாக வேண்டிய செலவைப் பிறர் தலையில் கட்டுகிறார். ஒரு சுவர் கெட்டதென்றால் கணக்கு ஒரு சுவருக்குத்தான். வர்ணம் பொருந்தவில்லை என்று நாலு அறைக்கும் பில் போடுவதை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

சச்சரவின் மூலகாரணம் பெரும்பாலும் சுவரில் இல்லை என்பது என் அபிப்பிராயம். வாங்கிய முன்பணம் மகளின் கல்யாணத்திலோ மாடி கட்டுவதிலோ என்றைக்கோ செலவாகிப் போயிருக்கும்; அடுத்துக் குடிவருபவர் கொடுத்தால்தான் போகிறவருக்குத் தரமுடியும்; அந்தச் சங்கடத்தை வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற வீட்டுக்காரருக்குச் சுவரின் கீறல் ஒரு சௌகரியமான சாக்காகிறது. இதை அறிந்தே பல குடித்தனக்காரர்கள் கடைசி மாதங்களின் வாடகையை நிறுத்தி, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எழுத்து மூலமான சம்மதம் இல்லாவிட்டால் அது வாடகை பாக்கியாகி, நியாயம் கட்சி மாறிவிடும். பணம் வரும்வரை சாவியைத் தரமாட்டேன் என்று பூட்டிக்கொண்டு உட்காருவது அதைவிட ஆபத்து. தவணை முடிந்தும் தங்குகிறவரிடம் கூடுதல் தொகை கோர வீட்டுக்காரருக்கு உரிமை உண்டாகிறது.

தற்காப்பு குடிபுகும் நாளிலேயே தொடங்க வேண்டும். ஒரு சாமானும் உள்ளே வருமுன், ஒவ்வொரு சுவரையும் ஏற்கெனவே உள்ள துளை, வெடிப்பு, ஓதக் கறைகளோடு செல்போனில் படமெடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், தேதியோடு கூடிய சாட்சியமாகிவிடும். முன்பணத்தை வங்கி மூலமாகவே கொடுக்க வேண்டும். தொகை பத்திரத்திலும் அப்படியே எழுதப்பட வேண்டும். காலி செய்யும்போது வீட்டுக்காரரை உடன் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்து, சாவி பெற்றதற்கு ஓர் எழுத்து வாங்கி, கழிக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் இனவாரியான கணக்கும் ரசீதும் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அப்படியும் பணம் வராவிட்டால், தொகையையும் கெடுவையும் குறிப்பிட்டு விரைவுத் தபாலில் ஒரு கடிதமும், பலனில்லையானால் வக்கீல் நோட்டீசும் அனுப்பலாம். போலீஸ் நிலையத்துக்கு ஓடுவதால் பிரயோஜனமில்லை. இது சிவில் தாவா. ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் முறைப்படி பதிவாகியிருந்தால் 2017 சட்டத்தின் வாடகை நீதிமன்றம் இருக்கிறது. பதிவு செய்யாதவர்களுக்கு அந்த வாசல் எளிதாகத் திறப்பதில்லை, பணவசூல் வழக்கையே நாட வேண்டியிருக்கும். தொகை சிறிதாயிருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு; வழக்குப் போடாமலே, கட்டணமின்றி, எதிர்த்தரப்பை அழைத்துப் பேசி லோக் அதாலத்தில் முடித்துவைக்க அங்கே வழியுண்டு, இரு தரப்பின் சம்மதத்தோடு அங்கே ஏற்படுகிற முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமானது, அப்பீலும் கிடையாது. எந்த வழியானாலும் 3 வருஷக் காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதம், தீபாவளி கழித்து, புதுக் குடித்தனம் வந்ததும் என்று வாய்மொழியாகப் பெறுகிற வாக்குறுதிகள் அந்த ஓட்டத்தை நிறுத்துவதில்லை.