ஒற்றை அடுக்குக் காந்தம்

நைனார்பாளையத்துப் பள்ளியில் ஒரு பிள்ளை பென்சிலால் கோடு இழுத்தால், காகிதத்தில் படிவது கிராஃபைட்டின் மெல்லிய அடுக்குகள். அடுக்குக்குள்ளே அணுக்கள் கெட்டியாகப் பிணைந்திருக்கும். அடுக்குகளுக்கு இடையிலோ பிடிப்பு மிகக் குறைவு. அந்தச் சன்னமான பிடிப்புதான் வான் டெர் வால்ஸ் விசை. அதனால்தான் அடுக்கு அடுக்காக உரிகிறது.

இப்படி உரியும் படிகங்களில் சில, காந்தங்களும்கூட. குரோமியம் டிரை அயோடைடு அவற்றில் ஒன்று. 2017-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்த குழு அதை ஒட்டுநாடாவால் உரித்து, ஒற்றை அடுக்கும் காந்தமாகவே இருப்பதைக் காட்டியது. இது எளிதில் நம்பக்கூடிய செய்தி அல்ல. எல்லாத் திசைகளும் சமமாக உள்ள தட்டையான பரப்பில் வெப்ப அதிர்வே காந்த ஒழுங்கைக் குலைத்துவிடும் என்று மெர்மினும் வாக்னரும் 1966-லேயே நிறுவியிருந்தார்கள். இந்தப் படிகத்தில் திசைகள் சமமில்லை. காந்தத்தைத் தரும் எலெக்ட்ரான் தற்சுழற்சிகள் பரப்புக்குச் செங்குத்தாகவே நிற்கின்றன. அதனால் காந்த ஒழுங்கு தப்பியது.

அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது வேறு. ஓர் அடுக்கு காந்தம். இரண்டு அடுக்கானால் மேலதும் கீழதும் எதிரெதிராகத் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மூன்றானால் மீண்டும் காந்தம்! 2018-ல் வெறும் மின்னழுத்தத்தாலேயே இரட்டை அடுக்கின் ஒழுங்கை மாற்ற முடிந்தது. 2019-ல் அழுத்திப் பார்த்தார்கள். அடுக்குகள் பக்கவாட்டில் லேசாக நகர்ந்து அமர்ந்தன. எதிரெதிராக நின்றவை ஒரே திசைக்குத் திரும்பின. இதோடு ஒப்பிட்டால், சேலம் கஞ்சமலையின் மாக்னடைட் என்ற காந்தக் கல் ஏறத்தாழ 580 டிகிரி செல்சியஸ் வரை காந்தத்தை விடாது. ஆனால் சிறு மின்னழுத்தம் கொடுத்து அந்தக் கல்லைப் பணியவைக்க முடியாது.

குறையும் உண்டு. அயோடைடின் ஒற்றை அடுக்கு மைனஸ் 228 டிகிரிக்கு மேல் காந்தத்தை இழந்துவிடும். ஈரக்காற்று பட்டால் கெட்டும் போகும். இரும்பு-ஜெர்மானியம்-டெல்லூரியம் சேர்மத்தில் நம்பிக்கை தெரிகிறது. 2018-ல் சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்தார் சில அடுக்குத் துண்டில் லித்தியம் அயனிகளைச் செலுத்தி, அறை வெப்பநிலையிலும் அதைக் காந்தமாக நிற்கவைத்தார்கள்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பொருள்களை அழுத்தி ஆராயவே உயர் அழுத்த ஆய்வு மையம் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள். முதுகலை முடிக்கும்போது அந்த வழியையும் யோசியுங்கள்.