கதவைச் சாத்தினால் தூசி மட்டுமா நிற்கும்?

தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருந்தது. ஈப்போ புந்தோங்கில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். பின்கட்டுச் சமையலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அடியில் ஈரத்துணி திணித்திருந்தது. தட்டித் திறக்கவைத்தேன். கல்லுமலைக் கோயிலுக்குப் போகவேண்டிய காவடியின் வளைவுகள் நாற்காலியில் சாய்ந்திருந்தன. பக்கத்தில் மோட்டாரின் கவர்செட். தம்பி மகன் கையில் ஸ்ப்ரே டின், கண்ணெல்லாம் சிவப்பு. அவனுக்கு மூன்றடி தள்ளி கேஸ் தோம்பு. அதற்கும் அப்பால் சாமி மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏன்டா கதவைச் சாத்தியிருக்க?"

"தூசி வந்துரும் பெரியப்பா."

முதலில் விளக்கை அணைத்தேன். பிறகு கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கக்கூடியது என்னவென்று நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

ஸ்ப்ரே டின்னுக்குள் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வருவது பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன். அதாவது நாம் சமைக்கும் கேஸ்தான். அதோடு அசிட்டோன், டொலுவின், சைலின் போன்ற கரைப்பான்களும் சேர்ந்து வருகின்றன. இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு ஊர்ந்துபோய்த் தாழ்ந்த இடத்தில் தேங்கும். தீ தேடி வரவேண்டியதில்லை, ஆவியே தீயைத் தேடிப் போகும். சாமி விளக்கு, சாம்பிராணி, அடுப்பு, ஐஸ்பெட்டி ஓடத் தொடங்கும்போது தெறிக்கும் ஒரு பொறி, இதில் எது கிடைத்தாலும் போதும்.

தூசிக்குப் பயப்படுவதில் தப்பில்லை. ஈப்போ சுண்ணாம்புக் குன்றுகளின் ஊர். கல்குவாரிப் பக்கம் இருப்பவர்கள் காலையில் துடைத்த மேசையை மத்தியானம் மறுபடி துடைக்கிறார்கள். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒரு லோரி போனால் லயத்து வீடுகள் முழுக்கப் புழுதி. பழைய சிங்க் கூரையிலிருந்து துரு உதிர்கிறது. ஆனால் பெயிண்டில் மணல்போல நெருடும் பொட்டுகளில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்ததல்ல. நம் சட்டையின் பஞ்சு, தலைமுடி, மின்விசிறி இறக்கையின் அழுக்கு, சற்றுமுன் அதே இடத்தில் நாமே மணல்தாள் போட்டுத் தேய்த்த பொடி. கதவைச் சாத்தினால் இவை நம்மோடு உள்ளேயே நிற்கும்.

இதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வந்தேன்: பெயிண்ட் அடிக்கும்போது காற்று வேண்டும், காயும்போது மூடி வேண்டும். அடிக்கும் இடம் வேறு, காயும் இடம் வேறு. இரண்டையும் ஒரே மூடிய அறையில் செய்யப்போய்த்தான் பிள்ளைகள் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

நம் அம்மாக்கள் விடிகாலையில் வாசல் தெளித்துவிட்டுத்தானே கோலம் போட்டார்கள்? பெயிண்ட் வேலைக்கும் முதல் படி அதுதான். தேய்க்கும் வேலையை முதல் நாளே வேறிடத்தில் முடித்துவிடுங்கள். மறுநாள் அஞ்சடியிலோ முற்றத்திலோ விசிறியை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளியுங்கள். ஒயர், பிளக் இருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம். ஈரத் தரை தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பஞ்சு உதிராத சட்டை போட்டு, தலையில் தொப்பி வையுங்கள். கீழே விரிக்கச் செய்தித்தாள் ஆகாது, அதுவே நார் உதிர்க்கும். கவர்செட் பிளாஸ்டிக் என்பதால் உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் மின்னேற்றம் உண்டாகி, தூசியைத் தானே இழுக்கும். லேசாக நனைத்த, நார் விடாத துணியால் துடைத்துக் காயவிட்டு, பெயிண்ட் கடையில் கிடைக்கும் பிசுபிசுப்பான டேக் துணியால் மெல்ல ஒற்றி எடுத்தால் போதும்.

அடித்து முடித்ததும் பாகத்தைச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். படுத்துக் கிடக்கும் பரப்பில்தான் தூசி இறங்கும். சில நிமிடம் திறந்தவெளியில் ஆவி போகட்டும். பிறகு மூடுங்கள். ஐஸ்பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டிக்கு உட்புறம் பிளாஸ்டிக் ஒட்டி, துடைத்து, நான்கு செங்கல் மேல் கவிழ்த்துவைத்தால் அருமையான காயும் கூடு. செங்கல் விடும் இடைவெளி வழியே மிச்ச ஆவி வெளியேறும். சின்னப் பாகத்துக்குச் சோற்றை மூடும் துடோங் சாஜி போதும். நுண்தூசியைத் தடுக்காவிட்டாலும் பூச்சியைத் தடுக்கும். சீக்கிரம் காயட்டுமென்று கூட்டுக்குள் பல்பு எரியவிடுகிறார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம். பிள்ளைகள் படுக்கும் அறையிலும் அந்தக் கூட்டை வைக்காதீர்கள்.

நேரமும் பார்க்கவேண்டும். கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகலில் இடிமழை திரண்டு வருவது நமக்குப் பழக்கம்தான். காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது அடித்தால், கரைப்பான் வேகமாக ஆவியாகி மேற்பரப்பு குளிர, அதன்மேல் ஈரம் படிந்து நிறம் வெளுத்துப்போகும். காலைப் பசியாறிவிட்டு, பனி காய்ந்த பிறகு, மதியத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. மழைவிட்ட சாயங்காலம் விளக்குப் போட்டு அடித்தால் ஈசல் வந்து ஒட்டும். ஒட்டிவிட்டால் கையால் எடுக்காதீர்கள். நன்றாக இறுகியபின் 1500, 2000 எண் தாளை நனைத்துத் தேய்த்து, மெருகேற்றினால் அந்த இடம் சரியாகும். கட்டைவிரல் ரேகை பட்ட இடம்தான் சரியாகாது.

இதுவரை சொன்னது சாதாரண ஸ்ப்ரேக்கு. அதற்கே கோவிட் காலத்தில் மிஞ்சிய முகக்கவசம் பயன்படாது. அது ஆவியைத் தடுக்காது. கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி வேண்டும்.

2கே பெயிண்ட் கதையே வேறு. ஹார்டனர் கலந்து அடிப்பது அது. டின்னாக வந்தால் அடியில் ஒரு பொத்தானை அழுத்தி உள்ளேயே கலக்கச் செய்வார்கள். கண்ணாடிபோல் பளபளக்கும், பெட்ரோல் சிந்தினாலும் கரையாது. அதனால் இளைஞர்களுக்கு அதன்மேல் ஆசை. அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1984இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் இதே குடும்பம். ஹார்டனரில் இருப்பது அதே பொருள் அல்ல, அவ்வளவு எளிதில் ஆவியாவதும் இல்லை. ஆனால் ஸ்ப்ரே அடிக்கும்போது நுண்துளிப் புகையாகி நெஞ்சுக்குள் போகிறது. ஆஸ்துமாவைக் கிளப்புகிறது. உடம்புக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளியளவு பட்டாலும் மூச்சு இறுகும். பிரிட்டனின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பு, கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரும் ஆபத்து மற்றவர்களைவிட 80 மடங்கு அதிகம் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், இவ்வகைப் பொருள் 0.1 விழுக்காட்டுக்கு மேல் உள்ள சரக்கைத் தொழிலில் கையாள்பவர் பயிற்சி பெற்றிருப்பது கட்டாயம்.

ஐசோசயனேட்டின் மணம்கூட நம்பத்தக்க எச்சரிக்கை அல்ல. மூக்குக்குத் தெரியும் முன்பே அளவு மீறியிருக்கும். அதனால் வெளியிலிருந்து குழாய் வழியே காற்று தரும் முகமூடியும் முறையான ஸ்ப்ரே அறையும் இல்லாமல் 2கே அடிக்கக்கூடாது. வீட்டில் வேண்டவே வேண்டாம் என்பதே என் முடிவு.

வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் விஷயம் இன்னும் கவலை தருவது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தபோது, பால்மரம் வெட்டியவர்களின் பேரன்கள் பலர் பட்டறைகளில்தான் தொழில் கற்றார்கள். அவர்களுக்கு உரிமை இருக்கிறது. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, முகமூடி போன்ற பாதுகாப்புச் சாதனங்களுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது. புகார் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்கவும் கூடாது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருக்கும் இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையையும் தொழிலாளிக்குத் தருகிறது. ரசாயனம் கையாளும் இடங்களுக்கான 2000ஆம் ஆண்டு விதிமுறைகள், முதலாளி அந்த ரசாயனங்களின் ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்கின்றன. புகார் செய்யவேண்டிய இடம் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜேகேகேபி.

ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் முதலாளி சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் பதிந்தாக வேண்டும். வேலையால் வந்த ஆஸ்துமாவுக்கு அங்கே கோரிக்கை வைக்கலாம். சொந்தமாக ஸ்ப்ரே வேலை செய்பவர்களுக்கு, 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தனித் திட்டம் உண்டு. சம்பளச் சீட்டைத் தூக்கிப்போடாதீர்கள். நாளைக்கு அங்கே வேலை செய்ததற்கு அதுதான் சாட்சி.

பட்டறையில் காசு கொடுத்து அடித்த கவர்செட் பொட்டுப்பொட்டாக வந்தால்? "தூசி அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிடுவார்கள். வாங்கிக்கொண்டு வரத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவையை நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்யவேண்டும் என்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். அப்போதுதான் பொட்டு தெரியும். ரசீதோடு, திருத்தித் தரச்சொல்லி வாட்சப்பிலாவது எழுதிக் கேளுங்கள். மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, உங்கள் சொந்த, வீட்டு உபயோகத்துக்கான வேலையாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்.

வண்டியின் நிறத்தையே மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவைத் திருத்த மறக்காதீர்கள்.

பழைய இரும்புக் கேட், தோட்டக் காலத்து மிதிவண்டி போன்றவற்றின் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காதீர்கள், நனைத்துத் தேய்த்து, பொடியை ஈரத்துணியால் எடுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம். காலி டின்னைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தினால் வெடிக்கும். வெயிலில் நிற்கும் கார் பூட்டிலும் டின்னை விட்டுவைக்காதீர்கள்.

தலைசுற்றல், குமட்டல் வந்தால் அந்த ஆளை உடனே காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். மயக்கமோ மூச்சுத்திணறலோ என்றால் 999. ஐசோசயனேட் தொல்லை உடனே தெரியாமல், வீட்டுக்கு வந்தபின் இரவு இருமலாகவும் நெஞ்சு இறுக்கமாகவும் வரலாம். லீவு நாளில் குறைந்து, வேலைக்குப் போனதும் திரும்பினால் "சளி" என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது என்ன பெயிண்ட் அடித்தீர்கள் என்று வாயால் சொல்வதோடு, அந்த டின்னின் லேபலைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.