தேர்தல் பணம்: அமெரிக்காவிலும் ஆர்.கே. நகரிலும்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பகுதிகளை உள்ளடக்கிய ஆர்.கே. நகர் தொகுதியில் 2017 ஏப்ரல் 12 அன்று இடைத்தேர்தல் நடந்திருக்க வேண்டும். ஜெயலலிதாவின் மறைவால் காலியான தொகுதி அது. வாக்குப்பதிவுக்கு மூன்று நாட்களே இருந்த நிலையில் தேர்தல் ஆணையம் அதை ரத்து செய்தது. காரணம், பணப் பட்டுவாடா. வருமான வரிச் சோதனையில் சிக்கிய ஆவணங்களில் சுமார் 89 கோடி ரூபாய்க்குக் கணக்கு இருந்ததாகச் செய்திகள் வெளியாயின. சட்டமன்ற வேட்பாளர் ஒருவருக்கு அன்று இருந்த செலவு வரம்போ வெறும் 28 லட்சம்தான்!

வரம்பு இருந்தும் பணம் எப்படிப் பாய்கிறது? அமெரிக்காவோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும்.

அமெரிக்காவில் சட்டம் கொடுப்பவருக்கு வேலி போடுகிறது. 2024 அதிபர், நாடாளுமன்றத் தேர்தல்களில் ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்கு, ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர் வரைதான் தர முடிந்தது. நிறுவனங்கள் வேட்பாளருக்கு நேரடியாகத் தரவே கூடாது. ஆனால் வேட்பாளரின் செலவுக்கு வரம்பு போட முடியாது என்று 1976-லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2010-ல் வந்த தீர்ப்புகளுக்குப் பின் ‘சூப்பர் பேக்’ என்னும் அமைப்புகள் முளைத்தன. வேட்பாளருடன் கலந்து பேசாமல், அவருக்காக இவை கோடிக்கணக்கில் செலவிடலாம்.

நம் நாட்டில் இது தலைகீழ். இங்கே வேலி வேட்பாளரின் செலவுக்கு. 2022-ல் தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்றத்துக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம் என அது உயர்த்தப்பட்டது. ஆனால் கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை. கட்சிக்கு யார் தந்தார்கள் என்பதையும் 2018 முதல் தேர்தல் பத்திரங்கள் மறைத்தன. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை ரத்து செய்தது. பணம் தருபவர் யார் என்று அறிவது வாக்காளரின் உரிமை என்பதே தீர்ப்பின் சாரம்.

இதில் நமக்கென்ன? 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்களின் பிழைப்பு கெட்டது. அதே மாதம் அமோனியா வாயு கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினர். இப்படிப்பட்ட நேரத்தில்தான் நம் பிரதிநிதி நமக்காகக் கேள்வி கேட்க வேண்டும். பெரும் பணம் தந்தவருக்குக் கடன்பட்டவர் எப்படிக் கேட்பார்? பணம் வாங்கி ஓட்டுப் போட்ட நாம்தான் அவரிடம் எந்த முகத்தோடு கேட்பது? ஓட்டுக்கு 4,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய் சொச்சம். ஒரு டீக்குக்கூடக் காணாது.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மார்க்கமும் இரு தரப்பையும் ஒன்றாகவே கண்டிக்கிறது. ஓட்டு ஓர் அமானிதம்.

பட்டுவாடா நடந்தால் 1950 என்ற எண்ணிலோ ‘சி-விஜில்’ செயலியிலோ புகார் செய்யலாம். வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரங்கள் தேர்தல் ஆணைய இணையதளத்தில் உள்ளன. அடுத்த தேர்தலுக்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அதை ஒருமுறை வாசிப்போம். முதல் ஓட்டுப் போடப்போகும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக் கொடுப்போம்.