காற்று காட்டும் வழி

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம்? இணையத்தில் தேடினால் சுமார் 15,340 கி.மீ. என்று வரும். கணக்கு சரிதான். ஆனால் 2020 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தொடங்கிய, உலகின் மிக நீண்ட இடைநில்லா விமானம் பெரும்பாலும் அந்த மிகக் குறுகிய வழியில் போவதில்லை.

பூகோள உருண்டையில் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் நேரே வடக்கே ஏறி, வடதுருவத்தை ஒட்டிக் கடந்து மறுபக்கம் இறங்கும். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில், நியூயார்க் மேற்கே 74 பாகையில். கூட்டினால் 178, பாதி உலகச் சுற்றுக்கு இரண்டே பாகை குறைவு. எனவே துருவத்தை விட்டு விலகினால், கிழக்கே திரும்பினாலும் மேற்கே திரும்பினாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தப் பயணத்தின் சூட்சுமமே இதுதான்.

எந்தப் பக்கம் திரும்புவது என்பதைக் காற்று முடிவு செய்கிறது. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து உண்டாக்கும் காற்று இது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓய்ஷி பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்து, 1926-இல் எஸ்பராண்டோ என்ற செயற்கை மொழியில் அறிக்கை வெளியிட்டார். உலகம் கவனிக்கவில்லை. 1944-இல் ஜப்பான்மீது பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் திணறின.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் 16,000 கி.மீ. போக, காற்றே இல்லையென்றால் 17 மணி 47 நிமிடம் ஆகும். பின்னாலிருந்து 100 கி.மீ. வேகக் காற்று தள்ளினால் 16 மணி நேரம் போதும். அதே காற்று எதிர்த்து வீசினால் 20 மணி நேரம். லாபத்தைவிட நஷ்டம் பெரிது! தூரம் கூடினாலும் பின்காற்றைத் தேடிப் போவது அதனால்தான். போகும்போது பெரும்பாலும் பசிபிக் மேலே கிழக்கு நோக்கி. திரும்பும்போது பல நாட்கள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக, அதுவும் கிழக்கு நோக்கியே. போய்த் திரும்பும் பயணி உலகையே சுற்றி வந்திருப்பார்! எனக்கு இதைவிட அழகான விமானப் பாதை தெரியாது.

இவ்வளவு நீண்ட பயணத்துக்கென்றே வடிவமைத்த ஏ350-900 யுஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் ஏற்றக்கூடியது. அந்த எரிபொருளின் எடை மட்டும் சுமார் 130 டன். புறப்படும்போது விமானத்தின் மொத்த எடை அதிகபட்சம் 280 டன்தான். தூக்கிச் செல்லும் எரிபொருளைச் சுமக்கவே ஒரு பங்கு எரிபொருள் தீர்ந்துவிடும். ஆகவே ஆளையும் சரக்கையும் குறைக்கிறார்கள். வழக்கமாக 300 பேருக்கு மேல் அமரக்கூடிய இந்த ரக விமானத்தில் இங்கே 161 இருக்கைகள்தான். எகானமி வகுப்பே கிடையாது.