எலும்பு மட்டும் போதாது: குருக்கள்மடத்துக்கு ஸ்ரெப்ரெனிகா சொல்லும் பாடம்

ஒவ்வொரு வருடமும் ஜூலை 11ஆம் திகதி பொஸ்னியாவின் பொட்டொச்சாரி மையவாடியில் ஜனாஸாக்கள் நல்லடக்கம் செய்யப்படுகின்றன. அவர்கள் அண்மையில் மரணித்தவர்கள் அல்லர். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகாவில் பொஸ்னிய சேர்பியப் படைகளால் கொல்லப்பட்ட 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களிலும் சிறுவர்களிலும், புதிதாக அடையாளம் காணப்பட்டவர்கள்.

அந்த அடையாளம் எளிதில் கிடைக்கவில்லை. குற்றத்தை மறைப்பதற்காகக் கொலையாளிகள் சில மாதங்களின் பின்னர் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறு இடங்களுக்கு மாற்றினர். இதனால் ஒருவருடைய எலும்புகளே பல குழிகளில் சிதறின. உடையையும் பற்களையும் பார்த்துப் பெயர் சொல்ல முடிந்தது சிலருக்கு மாத்திரமே. காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு 2001இல் எலும்பின் மரபணுவை உறவினரின் இரத்தத்துடன் ஒப்பிட்டு அடையாளம் காணத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது. இன்று ஏறத்தாழ 7,000 பேர் அடையாளம் காணப்பட்டுள்ளனர்.

பழைய எலும்பில் மரபணு எப்படி எஞ்சுகிறது? மரணத்தின் பின்னர் உடலிலுள்ள நொதியங்களும் மண்ணிலுள்ள பக்டீரியாக்களும் மரபணு இழையைத் துண்டு துண்டாக்குகின்றன. வெப்பமும் ஈரமும் இதை விரைவுபடுத்தும். தசை முதலில் அழிந்துவிடும். ஆனால் தொடை எலும்பு, பல், உட்காதைச் சூழ்ந்த கடினமான எலும்பு ஆகியவற்றில் கல்சியம் கவசம்போல நிற்பதால், அங்கு மரபணு நீண்ட காலம் தங்கும். ஆய்வுகூடத்தில் எலும்பின் மேற்பரப்பைச் சுத்தம் செய்து, தூளாக்கி, கல்சியத்தைக் கரைத்து அதை வெளியே எடுக்கின்றனர்.

இழை மிகவும் சிதைந்திருந்தால் வழமையான பரிசோதனைக்குத் தேவையான நீளமான துண்டுகள் கிடைக்காது. அப்போது சிறிய துண்டுகளிலேயே வாசிக்கும் முறை கையாளப்படுகிறது. அதுவும் தவறினால் இழைமணியின் மரபணு உண்டு. ஒரு கலத்தில் அது நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருப்பதால் எஞ்சும் வாய்ப்பு அதிகம். ஆனால் அது தாய்வழியே வருவதால் ஒரே தாயின் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும். இன்னார்தான் என்று உறுதிசெய்ய அது மட்டும் போதாது.

எந்த முறையானாலும் எலும்பிலிருந்து கிடைப்பது வெறும் எண்களின் வரிசைதான். அதற்குப் பெயர் கொடுப்பது உயிருடனுள்ள உறவினரின் மாதிரி. பிள்ளையின் மரபணுவில் பாதி தாயினுடையது, பாதி தந்தையினுடையது. ஆகவே பெற்றோரின் மாதிரி மிகவும் வலுவானது. சகோதரர்களுக்கிடையில் இந்தப் பங்கு கூடிக் குறையும் என்பதால் ஒருவருக்குப் பதிலாகப் பலரின் மாதிரி தேவைப்படும். ஸ்ரெப்ரெனிகாவில் திருமணமாகாத இரு சகோதரர்கள் கொல்லப்பட்டிருந்தால், எலும்பு எந்தச் சகோதரருடையது என்பதை வயதையும் உயரத்தையும் வைத்தே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இந்த விடயம் நமக்குத் தூரமானதல்ல. 1990 ஜூலையில் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் வழிமறித்துக் கொல்லப்பட்டனர். அவர்களைத் தோண்டியெடுத்து முறைப்படி நல்லடக்கம் செய்ய வேண்டுமென உறவினர்கள் நீண்ட காலமாகக் கோரி வருகின்றனர். முப்பத்தைந்து வருடங்கள் கடந்துவிட்டன. கிழக்கின் வெப்பமும் மழையும் எலும்புகளுக்குச் சாதகமானவையல்ல. ஆனாலும் தகுந்த எலும்பு கிடைத்தால் முயற்சிக்க வழியுண்டு.

எலும்பு இன்னும் சில வருடங்கள் மண்ணுக்குள் காத்திருக்கலாம். மகனைப் பறிகொடுத்த உம்மாவும் வாப்பாவும் காத்திருக்க மாட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஏற்கனவே மௌத்தாகிவிட்டனர். அகழ்வு எப்போது நடந்தாலும், எஞ்சியுள்ள பெற்றோர், சகோதரர், பிள்ளைகளின் மாதிரிகளை அவர்களது சம்மதத்துடன் இப்போதே சேகரித்துப் பாதுகாக்க வேண்டும். அதற்குரிய காகிதத்தில் உலர்த்திய சில துளி இரத்தமே பல வருடங்களுக்குப் போதும். இதைச் செய்யுமாறு உரிய அதிகாரிகளை வலியுறுத்துவது பள்ளிவாசல் நிர்வாகங்களாலும் சட்டத்தரணிகளாலும் இன்றே தொடங்கக்கூடிய வேலை.