கணினிக்குத் தமிழில் பெயர் வைத்தால்

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தரும் வாக்குமூலங்களைப் பதிந்துவைக்க, நானும் நண்பர் ஒருவரும் பைதன் மொழியில் சிறிய மென்பொருள் ஒன்றை எழுதி வருகிறோம். ஊர் ஊராகக் கொண்டுபோகும் மடிக்கணினிகளில் அது இயங்கும். வாக்குமூலம் தந்த குடும்பத்துக்கு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஒன்றையும் அனுப்பும். கடந்த மாதம் அந்த மின்னஞ்சல் பரிசோதனைகள் என்னுடைய கணினியில் மாத்திரம் தோல்வியடைந்தன. அதே நிரல் நண்பரின் கணினியில் பிழையின்றி ஓடியது.

இரண்டு நாட்களாக நிரலைத்தான் சந்தேகித்தோம். பிழைச் செய்தியைக் கடைசி வரிவரை வாசித்தபோது, சில எழுத்துக்களை 'ஆஸ்கி' முறைக்கு மாற்ற முடியவில்லை என்றிருந்தது. பரிசோதனைக்குக் கொடுத்த தரவு முழுவதும் ஆங்கிலம். அப்படியென்றால் தமிழ் எங்கிருந்து வந்தது? கட்டளைச் சாளரத்தில் 'ஹோஸ்ட்நேம்' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். 'முல்லை' என்று பதில் வந்தது. கணினி வாங்கிய அன்று நான் வைத்த பெயர்.

ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் தனி அடையாளக் குறி ஒன்று உண்டு. அதை உருவாக்கும்போது பல மென்பொருட்கள் கணினியின் பெயரையும் சேர்த்துக்கொள்ளும். 1963இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கியில் 128 குறிகளுக்கே இடமுண்டு, தமிழுக்கு இல்லை. இணையத்தின் பழைய விதிகளும் கணினிப் பெயரில் ஆங்கில எழுத்து, இலக்கம், இணைகோடு ஆகியவற்றையே அனுமதித்தன. சில இயங்குதளங்கள் தமிழ்ப் பெயரை ஏற்பதே இல்லை. ஏற்கும் இடத்திலும், எங்களைப் போன்றவர்கள் எழுதும் நிரல் அதை எதிர்பார்ப்பதில்லை.

பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தேன். எல்லாப் பரிசோதனைகளும் தேறின. காரணம் உறுதியானது. ஆனால், அத்துடன் விட்டால் பிழை நிரலிலேயே இருக்கும். தமிழ்ப் பெயர் கொண்ட அடுத்த கணினியிலிருந்து ஒரு தாய்க்குப் போகவேண்டிய மின்னஞ்சல் போகாது.

தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. 'பியூனிகோட்' என்ற முறை, பிற மொழி எழுத்துக்களை ஆங்கில எழுத்துக்களாலும் இலக்கங்களாலும் குறிக்கும். இணைய முகவரியில் நாம் '.இலங்கை' என்று எழுதுவதும் உள்ளே 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கிலச் சரமாகவே பயணிக்கிறது. இணையத்தளங்கள் கட்டப் பயன்படும் 'ஜாங்கோ' மென்பொருளும் மின்னஞ்சல் குறிக்கு இதையே செய்கிறது. கணினியின் பெயர் சீன எழுத்தில் இருப்பதாகப் பாவனை செய்யும் பரிசோதனையும் அதில் உண்டு.

நாங்களும் நிரலை அவ்வாறே திருத்தினோம். எந்தக் கணினியில் ஓடினாலும் தமிழ்ப் பெயரைக் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை ஒன்றையும் சேர்த்தோம். என் கணினியின் பெயர் இப்போது மீண்டும் 'முல்லை'.