நகல் எடுத்தால் உரிமையும் கூடவே வருமா? உங்கள் கோப்புகளுக்கு ஒரு சின்ன சோதனை

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் பழைய மடிக்கணினியில் இருந்த சான்றிதழ்கள் எல்லாவற்றையும் புதுக் கணினிக்கு நகல் எடுத்தாகிவிட்டது. கோப்பைத் திறந்தால் திறக்கிறது. ஆனால் திருத்திச் சேமிக்கப் போனால் ‘அனுமதி இல்லை’ என்கிறது. பெயரை மாற்றவும் விடவில்லை. ‘என் கோப்பு, என் கணினி, எனக்கே அனுமதி இல்லையா?’ என்று கோபம் வரும்.

கோப்பு கெட்டுப்போகவில்லை. நகல் எடுத்தபோது அதன் உரிமையாளர் மாறிவிட்டார், அவ்வளவுதான். இதை முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

கோப்புக்கு உரிமையாளரா?

ஆமாம். லினக்ஸ், மேக் போன்ற யுனிக்ஸ் வகைக் கணினிகளில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்ற அனுமதியும் உண்டு. வீட்டுக்குப் பட்டா இருப்பதுபோல. தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய பல மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது நினைவிருக்கும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த இயங்குதளத்திலும் இதே முறைதான்.

உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனும் லினக்ஸ் கருவின் மேல்தான் ஓடுகிறது. அதில் ஒவ்வொரு செயலியையும் தனித்தனி ஆளாகக் கருதி, தனி எண் கொடுக்கிறார்கள். அதனால்தான் ஒரு செயலியின் உள் கோப்புறையை இன்னொரு செயலி எட்டிப் பார்க்க முடிவதில்லை. புதிதாக நிறுவிய புகைப்படச் செயலி ஒன்றில் பழைய படத்தை அழிக்கப் போனால், ‘இதை அழிக்க அனுமதிக்கலாமா?’ என்று போன் கேட்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? அந்தப் படத்தை உருவாக்கியது வேறு செயலி என்பதால்தான் அந்தக் கேள்வி.

உள்ளே இருப்பது, வெளியே இருப்பது

ஒரு தபால் உறையை நினைத்துப் பாருங்கள். கடிதம் உள்ளே. அனுப்புநர் பெயரும் தேதி முத்திரையும் உறைமேல். கோப்பும் அப்படித்தான். சான்றிதழின் எழுத்துகள், பிடிஎஃப்பில் உள்ள டிஜிட்டல் கையொப்பம், கேமரா பதிந்த படமெடுத்த நேரம் எல்லாம் உள்ளே இருப்பவை. அப்படியே நகல் எடுத்தால் அவை மாறாது.

உரிமையாளர், அனுமதி, கடைசியாகத் திருத்திய தேதி ஆகியவை உறைமேல் இருப்பவை. நகல் எடுப்பது என்றால் கடிதத்தை வேறு உறையில் போடுவது மாதிரி. புது உறையில் யார் பெயர் வரும்? சாதாரணமாக, நகல் எடுத்தவர் பெயர்தான் வரும்.

நீங்களே செய்து பாருங்கள்

லினக்ஸ் கணினியில் டெர்மினலைத் திறந்துகொள்ளுங்கள். கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பைத் தமிழில் தருகிறோம். இரண்டு கட்டளைகள் போதும்: பட்டியலிட ‘எல்எஸ்’, நகலெடுக்க ‘சிபி’. ‘எல்எஸ் -எல்’ என்று அடித்தால் ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி, உரிமையாளர், குழு, அளவு, தேதி எல்லாம் வரிசையாகத் தெரியும்.

இங்கே பலரும் ஒரு தப்பு செய்வார்கள். தன் கோப்பைத் தானே நகல் எடுத்துவிட்டு, ‘உரிமையாளர் மாறவில்லையே, எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று நினைத்துவிடுவார்கள். முன்னும் நீங்கள், பின்னும் நீங்கள். அதனால் இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. கோப்பின் உரிமையாளர் ஒருவர், நகல் எடுப்பவர் வேறொருவர் என்று இருந்தால்தான் உண்மை தெரியும்.

சோதனை 1: ‘ரூட்’ என்ற நிர்வாகிக்குச் சொந்தமான, ஆனால் எல்லோரும் படிக்கக்கூடிய கோப்பு ஒன்று உங்கள் கணினியிலேயே இருக்கிறது. ‘ஈடிசி’ கோப்புறையில் உள்ள ‘ஹோஸ்ட்நேம்’ என்பது அதன் பெயர். கணினியின் பெயர் மட்டும்தான் அதில் இருக்கும். இதை உங்கள் கோப்புறைக்கு இரண்டு முறை நகல் எடுங்கள்:

சிபி /ஈடிசி/ஹோஸ்ட்நேம் நகல்1
சிபி -பி /ஈடிசி/ஹோஸ்ட்நேம் நகல்2

‘-பி’ என்றால் ‘இருந்ததை அப்படியே காப்பாற்று’ என்று பொருள். இப்போது ‘எல்எஸ் -எல்’ போட்டுப் பாருங்கள். நகல்1: உரிமையாளர் நீங்கள், தேதி இன்று. நகல்2: தேதி பழையது, ஆனால் உரிமையாளர் இப்போதும் நீங்கள்தான். உரிமையைக் காப்பாற்றச் சொன்னோம், காப்பாற்றவில்லை. பிழை என்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை!

காரணம் இருக்கிறது. ஒரு கோப்பை இன்னொருவர் பெயருக்கு எழுதிவைக்கும் அதிகாரம் லினக்ஸில் சாதாரணப் பயனருக்குக் கிடையாது. இருந்தால் யார் வேண்டுமானாலும் அடுத்தவர் பெயரில் கோப்பை வைத்துவிடலாமே!

சோதனை 2: இப்போது நிர்வாகி அதிகாரத்தில் பார்ப்போம். கட்டளைக்கு முன்னால் ‘சூடோ’ சேர்த்தால் அந்த அதிகாரம் கிடைக்கும். இதற்கு ரூட்டின் கோப்பு உதவாது, ஏனென்றால் இப்போது நகல் எடுப்பவரும் ரூட்தான். அதனால் நகல்1 என்ற உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்:

சூடோ சிபி நகல்1 நகல்3
சூடோ சிபி -பி நகல்1 நகல்4

நகல்3-இன் உரிமையாளர் ரூட். நகல்4-இன் உரிமையாளர் நீங்கள். தொடக்கத்தில் சொன்ன உதவித்தொகைச் சிக்கல் நகல்3 வகை. அவசரத்தில் ‘சூடோ’ போட்டு, ‘-பி’ போட மறந்தால் வீட்டு ஆவணம் எல்லாம் ரூட் பெயருக்குப் போய்விடும். முழுக் கோப்புறையை நகல் எடுப்பதாக இருந்தால் ‘-பி’க்குப் பதிலாக ‘-ஏ’ போடுங்கள். உள்ளே இருக்கும் கோப்புறைகளும் உரிமை, தேதியோடு வந்துவிடும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பயப்பட வேண்டாம். ‘சூடோ சோன்’ என்று அடித்து, உங்கள் பயனர் பெயரையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால் உரிமை திரும்பிவிடும். ‘சோன்’ என்பதை சி, எச், ஓ, டபிள்யூ, என் என்ற ஐந்து எழுத்துகளாக அடிக்க வேண்டும்.

சோதனை 3: அதே ஹோஸ்ட்நேம் கோப்பை ‘சூடோ சிபி -பி’ கொண்டு ஒரு பென் டிரைவுக்கு நகல் எடுங்கள். ‘உரிமையைக் காப்பாற்ற முடியவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். ஆனால் கோப்பு நகலாகிவிடும். கடையில் வாங்கும் பென் டிரைவ், மெமரி கார்டு பெரும்பாலும் ‘ஃபேட்32’ அல்லது ‘எக்ஸ்ஃபேட்’ வடிவத்தில் இருக்கும். அந்த வடிவத்தில் உரிமையாளர் பெயரை எழுத இடமே கிடையாது.

இதில் உங்களுக்கு என்ன?

முதலாவது, பாதுகாப்பு. கணினியில் ‘நான் மட்டும் படிக்கலாம்’ என்று பூட்டி வைத்த கோப்பு, பென் டிரைவுக்குப் போனதும் பூட்டு இல்லாத கோப்பாகிவிடுகிறது. பென் டிரைவ் யார் கையில் கிடைத்தாலும் திறக்கலாம். ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் போன்றவற்றைக் கடவுச்சொல் போட்ட பிடிஎஃப்பாக மட்டும் அதில் எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, தேதி. சாதாரண நகலில் கோப்பின் தேதி இன்றைய தேதியாகிவிடும். எந்த மனு முதலில் எழுதியது, எது திருத்தியது என்று பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். கோப்பின் பெயரிலேயே தேதியை எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படம் சுருங்கும், உள்ளே பதிந்திருந்த எடுத்த நேரமும் போய்விடும். சாலைப் பள்ளம், பயிர்ச் சேதம் போன்றவற்றை ஆதாரமாக அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். மூலப் படத்தைப் போனிலிருந்து அழிக்காதீர்கள்.

மூன்றாவது, செயலியை நீக்குவது. ஒரு செயலியின் உள் கோப்புறையில் மட்டும் இருக்கும் ஆவணம், செயலியை நீக்கியதும் அதோடு போய்விடும். நீக்கும் முன் தேவையான கோப்பை ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் சேமித்து, அது திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, உரிமையோடு கொண்டுபோக வேண்டும் என்றால் ‘டார்’ என்ற கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டுங்கள். உரிமையாளர் விவரம் பொட்டலத்துக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும், பென் டிரைவ் எந்த வடிவமாக இருந்தாலும் பரவாயில்லை. புதுக் கணினியில் ‘சூடோ’வுடன் பிரித்தால் பழைய உரிமை திரும்ப வரும்.

நகல் எடுத்த பிறகு ஒரு நிமிடம்

பழைய கணினியைக் கொடுப்பதற்கோ, போனை மாற்றுவதற்கோ முன்னால் இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள்:

• கோப்பு திறக்கிறதா?
• ஒரு எழுத்தைத் திருத்திச் சேமிக்க முடிகிறதா? (சோதனைக்கு ஒரு நகலை வைத்துச் செய்யவும். டிஜிட்டல் கையொப்பமுள்ள பிடிஎஃப்பைத் திருத்த வேண்டாம்.)
• ‘எல்எஸ் -எல்’ பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா?
• தேதி சரியாக இருக்கிறதா?

நான்கும் சரி என்றால் மட்டுமே பழையதை அழியுங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளில் தெரியவரும் சிக்கல், இன்று சாயங்காலம் தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.